பாயிண்ட் பற்றவைப்பும் மின்னணுப் பற்றவைப்பும்: காற்றால் குளிரும் பழைய வண்டிகளின் வரலாறு

பெட்ரோல் இன்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட எரிபொருள் கலவையைச் சரியான கணத்தில் ஒரு தீப்பொறியால் எரிய வைக்கும் அமைப்பே பற்றவைப்பு அமைப்பு. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தக் கணத்தைத் தீர்மானித்தவை, ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இயங்கிய இரண்டு சிறிய உலோக முனைகள். பாடநூல் தமிழில் இவற்றைத் தொடுமுனைகள் எனலாம். பட்டறையில் 'பாயிண்ட்' அல்லது 'சி.பி. பாயிண்ட்' என்றால்தான் புரியும். 1970-களில் தொடங்கி இவற்றின் இடத்தை மின்னணுப் பற்றவைப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய வண்டிகளை வைத்திருப்போரிடையே 'பாயிண்டா, எலக்ட்ரானிக்கா' என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. தண்ணீரால் குளிரும் கார்களைவிட, காற்றால் குளிரும் வண்டிகளை வைத்திருப்போரிடம் இது கூடுதல் சூடாகவே நடக்கிறது. அதற்கு இன்ஜினிலேயே காரணம் இருக்கிறது.

தோற்றம்

ஜெர்மனியில் ராபர்ட் போஷ் 1887-இல், ஓரிடத்தில் நின்று இயங்கும் இன்ஜின்களுக்கான காந்த மின்னாக்கியை, அதாவது மேக்னெட்டோவை உருவாக்கினார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் வடிவமைத்தார். விமானங்களும் மோட்டார் சைக்கிள்களும் நெடுங்காலம் மேக்னெட்டோவையே நம்பியிருந்தன. கார்களுக்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் இணைத்து அவர் அமைத்த முறை 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. தானாக இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டரை 1912 கேடிலாக்கில் கொண்டுவந்தவரும் இவரே.

கெட்டரிங் முறையின் தத்துவம் எளிது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. கேம் எனப்படும் முண்டு சுழன்று வந்து பாயிண்ட்டைத் தள்ளித் திறந்ததும் மின்சாரம் சட்டென்று அறுபடுகிறது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயின் வால்வைப் படாரென்று மூடினால் குழாயே அதிர்ந்து இடிப்பதைப் பம்பு செட்டில் பார்த்திருப்போம். ஓட்டம் திடீரென்று தடைப்படும்போது அழுத்தம் எகிறுகிறது. காயிலிலும் ஏறத்தாழ அதுபோன்றதே நடக்கிறது. 12 வோல்ட்டில் தொடங்கியது, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. பாயிண்ட் திறக்கும்போது அதன் முனைகளிலேயே பொறி பறந்து வீணாகாமல் காப்பது அருகில் இணைக்கப்பட்ட சிறிய கன்டென்சர். பாயிண்ட் திறக்கும் கணமே தீப்பொறியின் கணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

தேய்மானமும் வெப்பமும்

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அந்த நிமிடத்தில் 6000 தீப்பொறிகள் வேண்டும். பாயிண்ட் 6000 முறை திறந்து மூட வேண்டும் என்பது இதன் பொருள். ஒரு மணி நேரப் பயணத்தில் 3,60,000 முறை. இத்தனை முறை திறந்து மூடும் ஒரு பொருள் இரண்டு விதமாகத் தேய்கிறது. மின்பொறியால் டங்ஸ்டன் முனைகள் கருகி, ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமும் விழுகின்றன. கேமின் மீது உராயும் சிறிய நார்க்கட்டையும் தேய்கிறது. முதல் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்தோ புது பாயிண்ட் மாற்றியோ சரிசெய்துவிடலாம். இரண்டாவது தேய்மானம் அத்தனை எளிதில் தெரியாது. கட்டை தேயத் தேயப் பாயிண்ட் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, தீப்பொறியும் தாமதமாக வருகிறது.

தீப்பொறி தாமதமானால் எரிதலும் தாமதமாகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூட்டில் ஒரு பகுதி, வெளியேற்றும் வால்வு திறக்கும் வேளையிலும் எரிந்துகொண்டே இருந்து வால்வையும் சிலிண்டர் தலையையும் காய்ச்சுகிறது. அதற்கு நேர் எதிராகத் தீப்பொறி மிக முன்னதாக வந்தால், மேலேறி வரும் பிஸ்டன் மீதே வெடிப்பு மோதுகிறது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதும் உண்டு. தண்ணீரால் குளிரும் இன்ஜினில் இந்தக் கூடுதல் சூட்டைச் சிறிது நேரமாவது வாங்கிக்கொள்ள ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறது. எச்சரிக்கச் சூடுமானியும் இருக்கிறது. காற்றால் குளிரும் இன்ஜினில் உலோகத் துடுப்புகளும் வீசும் காற்றும் எண்ணெயும் மட்டுமே உண்டு. எனவே இத்தகைய வண்டியில் பாயிண்ட் இடைவெளியைப் பார்ப்பது மின்வேலை மட்டுமன்று, குளிர்விக்கும் வேலையும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் 'வண்டி ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்' என்று விட்டுவிடுவோர்தாம் பின்னால் சிலிண்டர் தலைக்குச் செலவழிக்கிறார்கள்.

பீட்டில்

இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். வண்டியின் பின்புறத்தில், படுத்த நிலையில் எதிரெதிராக அமைந்த நான்கு சிலிண்டர்கள். அவற்றின்மேல் காற்றைச் செலுத்தும் பெரிய விசிறி. இந்த அமைப்பு பெரிய மாறுதல் இல்லாமல் பல தலைமுறை நீடித்தது. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் மெக்சிகோவின் புயெப்லா ஆலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்த உற்பத்தி 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பீட்டிலின் முகப்புப் பலகையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மானி இல்லை. எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு விளக்கு, ஜெனரேட்டருக்கு ஒரு விளக்கு, அவ்வளவே. நான்கு சிலிண்டர்களில் மூன்றாவதற்கு இன்னொரு குறையும் இருந்தது. எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி விசிறிக் கூட்டின் உள்ளேயே, அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. 1971 மாடலில் அதை வழியிலிருந்து நகர்த்தி அமைத்தார்கள். அதற்கு முந்தைய வண்டிகளில் மூன்றாவது சிலிண்டரின் வெளியேற்றும் வால்வு உடைவது பட்டறைகளில் நன்கு அறியப்பட்ட நோய். அப்படிப்பட்ட இன்ஜினில் தாமதமான தீப்பொறி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கான பராமரிப்பு யாரும் கற்கக்கூடியது. பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகட்டை உள்ளே விட்டால், இறுக்கமும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் மெல்ல உராய்ந்து வர வேண்டும். அதன் பிறகே டைமிங் பார்க்க வேண்டும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். இன்ஜின் ஓடாத நிலையில், சிறிய பல்பு ஒன்றைக் காயிலின் பாயிண்ட் முனைக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் இடையே கோத்து, சாவியைப் போட்டு, இன்ஜினின் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணமும் சக்கரத்தில் வெட்டியுள்ள குறியும் ஒத்துவரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பினால் வேலை முடிந்தது. கேமின் மீது துளியளவு கிரீஸ் தடவ வேண்டும். இந்தத் துளியை மறந்தால் நார்க்கட்டை சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும்.

அமெரிக்காவில் ஜான் மியூர் என்ற பொறியாளர் 1969-இல் வெளியிட்ட, ஃபோக்ஸ்வேகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்ற பொருள்படும் கையேடு இந்த வேலைகளை ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிக் கொடுத்தது. படங்களோடு, பேச்சு நடையில், கேலியும் கிண்டலுமாக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கையில் திருப்புளி பிடித்தறியாத ஒரு தலைமுறையே தன் வண்டியைத் தானே பழுதுபார்த்தது. தொழில்நுட்பப் பாடத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளிலும் காட்டத்தக்க நூல் அது.

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான பீட்டிலில் 1975 மாடலிலிருந்து கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு வந்துவிட்டது. பற்றவைப்போ பழைய பாயிண்ட்தான். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற சேதியை அந்த நவீன மூளை காயிலிலிருந்துதான் பெற்றது. காயிலை இயக்கியவை அதே இரண்டு தேயும் முனைகள். பாயிண்ட் அழுக்கடைந்தால் எரிபொருள் கணக்கும் குழம்பியது.

மின்னணு வந்த வழி

டிரான்சிஸ்டர் மலிவானதும் பொறியாளர்கள் முதலில் செய்தது பாயிண்ட்டை நீக்குவதன்று, அதன் சுமையைக் குறைப்பது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் போர்ஷே 911 வண்டிகளில் 1969 மாடலில் மின்தேக்கியின் மூலம் பொறி கொடுக்கும் போஷ் அமைப்பு வந்தது. இதில் பாயிண்ட் இருந்தது. ஆனால் அது சிறிய அளவு மின்சாரத்தைக் கொண்டு சைகை மட்டும் காட்டியது. அதனால் முனைகள் கருகுவது குறைந்தது. நார்க்கட்டை தேய்வது மட்டும் குறையவில்லை. கேமில் உராய்ந்துதானே தீர வேண்டும்! பாயிண்ட்டே இல்லாத பற்றவைப்பு 1975-இன் 911 டர்போவில் வந்தபோதுதான் அந்தத் தேய்மானமும் ஒழிந்தது.

பொதுவான கார்களில் மாற்றத்தை விரைவுபடுத்தியது சட்டம். அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், புகைக் கட்டுப்பாடு 5 ஆண்டுகள் அல்லது 50,000 மைல் வரை நிலைத்திருக்க வேண்டும் என்றது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஒருவர் மூடியைத் திறந்து சரிசெய்தால்தான் ஒழுங்காக எரியும் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு அந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. கிரைஸ்லர் நிறுவனம் 1973-இல் தன் அமெரிக்கத் தயாரிப்புக் கார்கள் அனைத்திலும் மின்னணுப் பற்றவைப்பை வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் தொடர்ந்தது. பாயிண்ட் தோற்றது ஓட்டத்திறனில் அன்று. நினைவாக மூடியைத் திறக்கும் மனிதரை எல்லா வீட்டிலும் எதிர்பார்க்க முடியாது என்பதால்தான்.

பழைய வண்டிக்குள் புதிய பொறி

பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பொருத்தக்கூடிய சிறிய மின்னணுக் கருவிகள் பின்னர் சந்தைக்கு வந்தன. பீட்டில் வைத்திருப்போரிடையே அதிகம் பேசப்படும் பெயர் பெர்ட்ரானிக்ஸ். கேமின் மீது காந்தங்கள் பதித்த வளையத்தைச் செருகி, பாயிண்ட் இருந்த இடத்தில் உணரியைத் திருகி, இரண்டு கம்பிகளைக் காயிலில் இணைத்தால் போதும். காந்தம் அருகே வரும்போது மின்கடத்தியில் ஏற்படும் மாறுதலை இந்த உணரி அறிகிறது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த இயற்பியல் விளைவு, அவர் பெயராலேயே வழங்குகிறது. எதுவும் எதையும் உராய்வதில்லை. ஒருமுறை டைமிங் வைத்தால் அது நகர்வதில்லை. காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இதுவே முதன்மையான நன்மை.

'எலக்ட்ரானிக் போட்டதும் வண்டி பறக்கிறது' என்று சொல்வோர் பலர். அதைச் சற்றே குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆடத் தொடங்கியிருந்தால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். காந்த உணரிக்கு அந்த ஆட்டம் அவ்வளவாகப் பொருட்டில்லை. வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். நல்ல நிலையிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டரில், சரியாக வைத்த பாயிண்ட் ஒரு சாதாரண பீட்டிலின் வேகத்துக்குப் போதுமான பொறியைத் தந்துவிடும். மேலும், வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளும் எடைக்கட்டிகளும் வில்களும் பழையவையே. அவை துருவேறிச் சிக்கியிருந்தால் எந்த மின்னணுவும் உதவாது. பாயிண்ட் போய்விட்டதே என்று மூடியைத் திறக்காமலே விடுவோரின் வண்டியில் இந்தப் பகுதிகள் எண்ணெயின்றி வறண்டு கிடப்பதும் உண்டு.

இனி மறுபக்கம். பாயிண்ட் சொல்லிவிட்டுத்தான் கெடும். காலையில் கிளம்ப அடம் பிடிக்கும், மேட்டில் இழுவை குறையும், வெடிவெடித்து ஓடும். வீடு வந்து சேர நேரம் கொடுக்கும். மின்னணுக் கருவி பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். அப்படி நின்றால் சாலையோரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. இன்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டு வைத்தால் சிலவகைக் கருவிகள் சூடேறி எரிந்துபோகும். பேட்டரிக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்தது. பேட்டரி மிகவும் இறங்கியிருந்து, ஸ்டார்ட்டர் மீதி மின்சாரத்தை இழுக்கும்போது கருவி உறங்கிவிடுவதும் உண்டு. அதே நிலையில் பாயிண்ட் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிடலாம். கன்டென்சரும் முன்னறிவிப்பின்றிப் போகக்கூடியதுதான் என்பதைப் பாயிண்ட் பக்கம் பேசுவோர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சூடானதும் வண்டி நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பினால் முதலில் ஐயப்பட வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

பிரான்சின் சித்ரோயன் 2சிவி இந்த வழக்கில் எதிர்த் தரப்புச் சாட்சி. இதுவும் காற்றால் குளிர்வது; இரண்டு சிலிண்டர். இதன் பாயிண்ட் இருக்குமிடம் முன்னால் உள்ள விசிறிக்குப் பின்னே. இடைவெளி பார்க்க விசிறியைக் கழற்ற வேண்டும். எளிமைக்குப் பெயர்போன வண்டியில் இப்படி ஓர் ஒளிவிடம்! 1990-இல் உற்பத்தி நின்றபோதும் பாயிண்ட்தான் இருந்தது. பீட்டில்காரர் தயங்கினாலும், 2சிவி வைத்திருப்பவர் மின்னணுவுக்கு மாறத் தயங்குவது அரிது.

திருவொற்றியூரின் புல்லட்

காற்றால் குளிரும் இன்ஜினும் பாயிண்ட்டும் தமிழ்நாட்டுக்கு அயலானவை அல்ல. நம் தெருக்களில் அந்த இணையை நெடுங்காலம் சுமந்தது மோட்டார் சைக்கிள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பிறகும் பழைய புல்லட் இங்கே தொடர்ந்தது.

புல்லட்டின் பாயிண்ட் இன்ஜினின் வலப்பக்கம் வட்ட மூடிக்குள் இருக்கும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் சிகரெட் பெட்டியின் அட்டையை வைத்துப் பார்ப்பதும், முனைகளுக்கிடையே மெல்லிய சிகரெட் தாளைக் கவ்வவிட்டு, அது விடுபடும் கணத்தை வைத்து டைமிங் பிடிப்பதும் பட்டறை வழக்கம். டைமிங் அதிகம் முன்னேறிப்போன வண்டியில் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைக் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

புல்லட்டைக் கிளப்பும் முறையிலேயே பாயிண்ட் கலந்திருந்தது. ஹெட்லைட் கூட்டின் மேல் அம்மீட்டர் ஒன்று உண்டு. சாவியைப் போட்டதும் பாயிண்ட் மூடியிருந்தால் காயிலுக்கு மின்சாரம் ஓடி முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. பளுவான உடம்பு தேவையில்லை, முள்ளைப் பார்க்கும் கண் போதும். இன்ஜினின் உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே படிக்கச் சொல்லித்தந்த கருவி அது. பாயிண்ட்டோடு இந்த வழியும் போயிற்று.

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. அவற்றை ஓட்டிப் பழகியவர்களுக்கு மாதம் ஒருமுறை உப்புத்தாள் போடும் வேலை அறிமுகமே ஆகவில்லை. புல்லட் வகைகளுக்கு மின்னணுப் பற்றவைப்பு 2000-களில் ஒவ்வொன்றாக வந்து, பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் விடைபெற்றபோது முழுமையடைந்தது. இன்று பழைய புல்லட்டுக்கு டைமிங் வைக்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி, இருக்கும் பட்டறைகளைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. புதிதாக வாங்கும் பாயிண்ட்டின் நார்க்கட்டையும் கன்டென்சரும் பழைய தரத்தில் கிடைப்பதில்லை என்ற புலம்பலும் பழைய வண்டிக்காரர்களிடம் எங்கும் கேட்கிறது. பாயிண்ட்டை வைத்துக்கொள்ள விரும்பும் சிலர் மின்னணுவுக்கு மாறுவதற்கு இதுவே காரணம்.

மாறியவர்களிலும் விவரமானவர்கள் ஒன்று செய்கிறார்கள். கழற்றிய பாயிண்ட்டை, அது பொருந்திய தகட்டோடும் கன்டென்சரோடும் சுத்தம் செய்து, எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒரு திருப்புளியுடனும் ஃபீலர் கேஜுடனும் வண்டியின் பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். மின்னணுக் கருவி வழியில் நின்றால், அதைக் கழற்றிப் பழையதைப் பூட்டி, இடைவெளி வைத்து, டைமிங் பார்த்துக் கிளம்ப அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேர வேலையை வீட்டு வாசலில் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.